அவசரமில்லைங்க

கண்ணு,

நீ முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறாய். நான் சமையலறையில், காய் நறுக்குகிற மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு முழுவதும் கேட்பாய், "சரிங்ப்பா" என்பாய், மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிடுவாய். உன் அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்ட "சரிங்ப்பா"வையெல்லாம் மூட்டை கட்டினால் ஒரு லாரி லோடு வரும். அதனால்தான் எழுதுகிறேன். இதை மடித்து ஒளித்து வைக்கவும் போவதில்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். வாயைப் பொத்தி வளர்ந்த குடும்பங்கள் நம் பக்கம் ஒன்றிரண்டு இல்லை.

போன வாரம் அந்தப் பெரிய மானிட்டரைப் போர்வையில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாயே, அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாசம் முடிஞ்சா அங்க ஆபீஸ்ல சீட்டைக் காலி பண்ணிப்போடறேனுங்ப்பா. இனி ஊட்டுலயே வேலை. உங்களுக்கும் ஒரு தொணையாச்சு" என்றாய். எனக்கு எதற்கப்பா துணை? பென்ஷன் வருகிறது. கை கால் நன்றாக இருக்கிறது. சந்தைக்கு நடந்து போய் நடந்து வருகிறேன். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் நின்று கதை பேச நாலு பேர் இருக்கிறார்கள். நீ துணைக்கு வரவில்லை, காவலுக்கு வந்திருக்கிறாய். உன் அம்மா சாகும்போது நீ பக்கத்தில் இல்லை. அதனால் நான் சாகும்போதாவது இருக்க வேண்டும் என்று, நான் சாவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாய். வலிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று தெரிகிறது. வலிக்கட்டும். அந்த சீட்டை நீ விடக்கூடாது.

பம்பு கம்பெனியில் டிசைன் வேலையை விட்டுவிட்டு, "இனி சொந்தமாப் பண்றேனுங்ப்பா" என்று நீ வந்து நின்ற அன்று நான் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையரானவன் நான். சம்பளம் கொடுக்க ஒரு ஆள் இல்லாமல் ஒருத்தன் எப்படி வேலைக்குப் போக முடியும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில் கோ-வொர்க்கிங் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு மேசையை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன், ஒவ்வொருவரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், யாருக்கும் யாரும் முதலாளி இல்லை என்று நீ பொறுமையாக விளக்கினாய். "அப்ப உம்பட ஆபீசர் யாரு?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் அம்மாதான் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள். "உங்க பஸ்ஸு மாதிரிதானுங்க. அவங்கவங்க டிக்கெட்டு, அவங்கவங்க ஸ்டாப்பு. பக்கத்து சீட்டுக்காரரு நல்லவரா இருந்தா நாலு வார்த்தை பேசிட்டுப் போலாம்." அப்புறம் கல்யாண வீடுகளில் யார் கேட்டாலும் நானும் அதையே சொல்லி, பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

அவளுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு ஆசை இருந்தது. ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. ஆனால் உன் மேசையைச் சுற்றி யார் யார் உட்காருகிறார்கள், யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் மனப்பாடம். வீட்டு பிளான் வரைகிற பெண்ணுக்கும் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற பையனுக்கும் சேர்த்துத்தான் உன் டப்பாவில் அரிசிம்பருப்பு சாதத்தை அமுக்கி அமுக்கி அடைப்பாள். "உம்பட ஸ்நேகிதங்க நல்லாத் தின்னாங்களா?" என்று நீ உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள். அவளை அடக்கம் செய்த அன்று அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றாமல், எங்கே நிற்பது என்று தெரியாமல், கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். அவளுடைய முகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

இனி அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீயும் நானும் இன்றுவரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாதது.

சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு துரைசாமி அண்ணன் காரை எடுத்தார். கருமத்தம்பட்டியைத் தாண்டியதும் உனக்குப் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. நீ அப்போது உங்கள் ஆபீஸில் போன் பேசுவதற்கென்று இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தாய். கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே பேசுவது வெளியே கேட்காது. செல்லை சைலண்டில் போட்டிருந்தாய். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நீ கொடுத்து வைத்திருந்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். முன்னால் உட்கார்ந்திருக்கிற ரம்யா எடுத்தாள். "சொல்லுங்க சார்" என்றாள். நான் சொன்னது இது: "ஒண்ணும் அவசரமில்லைங்க அம்மணி. தம்பி வேலையா இருந்தாத் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க. முடிச்சுப்போட்டு மெதுவாக் கூப்புடச் சொல்லுங்க, போதும்." நான் இதைச் சொல்லும்போது உன் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் வேர்வையில் என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் என்ன செய்வாள்? கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நீ ஒரு விரலைக் காட்டினாய், ஒரு நிமிஷம் என்று. அவளும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நீ வெளியே வந்ததும், "உங்க அப்பா கூப்ட்டாருங்க. அவசரமில்லைன்னு சொன்னாருங்க" என்றாள். உன் அப்பா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நீ ஒரு டீ எடுத்துக்கொண்டாய். அடுத்த கிளையன்ட் லைனில் காத்திருக்கிறார் என்று மறுபடி கூண்டுக்குள் போனாய். அந்த நேரத்தில் நாங்கள் இருந்த ஆஸ்பத்திரி உன் மேசையிலிருந்து நடந்து வருகிற தூரம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டதே இல்லை. நானே என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். பையனைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அது இல்லை காரணம். என் அப்பா, உன் அப்பாரு, அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். உன் பெரியப்பாவைப் பாம்பு கடித்த அன்று அந்த வட்டாரத்தில் கார் இருந்தது தோட்டத்துக்காரரான எங்கள் பண்ணாடி வீட்டில் மட்டும்தான். அண்ணனை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு அப்பாவும் நானும் ஓடினோம். எனக்கு மீசை அரும்பிய வயது. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா நின்றார். வீட்டுக்குள் பண்ணாடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாரது?" என்று சத்தம் வந்தது. மூச்சிரைக்க ஓடி வந்த மனுஷன், மூச்சை அடக்கி, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் அவசரமில்லைங்க பண்ணாடி. நீங்க சாப்புட்டு மெதுவா வாங்க. ஒரு சேதி சொல்லோணும்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பண்ணாடி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அட மடையா, இதை மொதல்லயே சொல்றதுக்கென்னடா!" என்று துண்டை வீசிவிட்டு அவரேதான் காரை ஓட்டினார். அண்ணன் உயிர் பிழைத்தான், கால் போயிற்று. பண்ணாடி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு யார் மேலாவது கோபப்பட ஒரு வசதி இருந்திருக்கும். அவர் நல்லவர்தான். ஆனால் அதே கேட்டில் அதற்கு முன்னால் குரல் உயர்த்தியவர்களுக்கு என்ன நடந்தது என்று என் அப்பா பார்த்திருக்கிறார்.

வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறினால் சொல்வார்கள், "உங்க ஊர்ப் பேச்சே தனிங்க, என்ன மரியாதை!" என்று. எனக்கும் பெருமையாக இருக்கும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது இன்னும் ரெண்டு "ங்க" சேர்த்துப் போடுவேன். அதில் மரியாதையும் இருக்கிறது கண்ணு, இல்லையென்று சொல்லவில்லை. நம் வீட்டில் அதற்குள்ளே பயமும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. கோயமுத்தூரிலிருந்து பெருந்துறை வரைக்கும் "உள்ளே போங்க, படியில நிக்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவன்தான் நான். அது காக்கிச் சட்டையின் குரல். எனக்கென்று ஒரு காரியம் வந்தால் அந்தக் குரல் வராது. ரேஷன் கடையில், பென்ஷன் ஆபீஸில், எங்கே போனாலும் ஓரமாக நின்று, "முடிச்சுட்டுப் பாருங்க, அவசரமில்லைங்க" என்றுதான் வரும். பெண்டாட்டி தோளில் சாய்ந்து செத்துக்கொண்டிருக்கும்போதும் அதுவேதான் வந்தது.

இன்னொன்று இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் நீ கேட்டாய், "அம்மா கடைசியா என்னைக் கேட்டாங்களாப்பா?" என்று. "இல்லை கண்ணு, அவளுக்கு நெனவே இல்லை" என்று சொன்னேன். பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நன்றாக நினைவு இருந்தது. "தம்பி வந்துட்டானா?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருக்கு, வந்துருவான்" என்றேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என்னன்னு சொன்னீங்க? அவசரமில்லைன்னுதான சொன்னீங்க. நான் கேட்டுட்டுத்தான இருந்தேன். அவசரம்னு சொல்லுங்க. கத்திக் கூப்புடுங்க" என்றாள். கெஞ்சவில்லை, கோபமாகச் சொன்னாள். நான் செல்லைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை சொல்லியாயிற்று, மறுபடி அடித்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாளோ என்று நின்றேன். சேதி கேள்விப்பட்டு உன் பெரியப்பா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்றான். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, அவனுடைய செல்லில் உனக்கு விடாமல் அடித்து, கூண்டைவிட்டு வெளியே வந்து நீ எடுத்ததும், "எங்கடா உக்காந்துட்டிருக்கற? உங்கம்மா போயிட்டிருக்காடா! ஓடியாடா!" என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். நர்ஸ் ஓடி வந்து அதட்டினாள். அவன் நர்ஸையும் அதட்டினான். எங்கள் குடும்பத்தில் கத்தத் தெரிந்தவன் அந்த ஒற்றைக் கால்காரன் மட்டும்தான். பைக்கைக்கூட எடுக்காமல் நீ ரோட்டில் ஓடி வந்தாய். நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் போய்விட்டாள்.

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. மத்தியானம் நான் தட்டைக் கழுவுகிற நேரத்தில், பின்னாலிருந்து, "தம்பி வந்துட்டானா?" என்று. பேய் பிசாசு என்று சொல்லவில்லை. பூசைக்குப் போகிறவன் நான், அந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு ஆகாது. கேட்கிறது, அவ்வளவுதான். முதலில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்புவதில்லை, பதில் மட்டும் சொல்கிறேன். "வருவான், வருவான்" என்பேன். நீ வீட்டிலேயே இருக்க ஆரம்பித்த பிறகு உனக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று மெதுவாகச் சொல்கிறேன். அப்போதும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருப்பவன் அவளுடைய மகன் இல்லை போலிருக்கிறது.

உண்மையும் அதுதானே. நீ முன்பு இருந்த ஆள் இல்லை. இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாய். கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டாலும், எடுத்ததும் "என்னாச்சுங்ப்பா?" என்கிறாய். நீ ஆபீஸில் இருக்கையில் மழை பெய்த அன்று, "வரும்போது தயிர் வாங்கிட்டு வா, அவசரமில்லை" என்று சொன்னேன். நீ போட்டது போட்டபடி பைக்கை எடுத்து, சறுக்கி விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு வாசலில் வந்து நின்றாய். என்னை மேலும் கீழும் பார்த்தாய். அப்புறம் தயிர் வாங்க மறந்துவிட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்! நான் உன் முழங்கைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே அழுதேன். நீ பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உனக்குத் தெரியாமல் ஒருநாள் நான் உங்கள் ஆபீஸுக்குப் போனேன். நீ பெருந்துறையில் ஒரு கம்பெனியைப் பார்க்கப் போயிருந்த நாள். அந்தக் கண்ணாடிக் கூண்டை என் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. ரம்யா என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள், எப்படியென்று தெரியவில்லை. எழுந்து நின்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சார், அன்னைக்கு நீங்க அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அந்தக் கதவை ஒடச்சிருப்பேனுங்க" என்று சொல்லி அழுதுவிட்டாள். "அம்மா குடுத்துவிட்ட சாப்பாடு நானும் சாப்ட்டிருக்கேனுங்க. எம்மேல கோவம் இல்லைங்களே?" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க, நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க, நல்ல கூத்து. அவள்தான் சொன்னாள், நீ இப்போதெல்லாம் அந்தக் கூண்டுக்குள் போவதே இல்லை என்று. மாடிப்படியில் நின்று போன் பேசுகிறாயாம். கீழே போகிற லாரிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் உன் வேலையே வேண்டாமென்று போய்விட்டாராம். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். "முந்தியெல்லாம் அவருதானுங்க இங்க ஒரே வாயாடி" என்றாள். வாயாடியா, என் மகனா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பேரம் பேசுகிற கம்பெனிக்காரர்களிடம், "இந்த விலைக்கு முடியாதுங்க, வேற ஆளைப் பாருங்க" என்று காலை நீட்டிக்கொண்டு சொல்வாயாம். பிறகு ரம்யாவிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். "அவசரம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொன்ன சத்தம் என் காதிலேயே விழுந்து அமுங்கிப்போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் தலை தூக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கடிதமே இருக்காது.

நான் மத்தியானம் கட்டிலில் படுத்தால் நீ வேலையை விட்டு எழுந்து வருவாய். சத்தம் போடாமல் வந்து, என் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பாய். மூச்சு வருகிறதென்று தெரிந்ததும் போய்விடுவாய். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாய். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் தூங்குவதே இல்லை கண்ணு. நீ வருவாய் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ விரலை வைத்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கிழட்டுப் புத்தி. நீ "அப்பா!" என்று அலறுவாய், நான் கண்ணைத் திறந்து சிரிப்பேன், நீ நாலு திட்டுத் திட்டுவாய், அன்றோடு இந்தக் காவல் வேலை ஒழியும் என்று ஒரு கணக்கு.

நீ அலறவில்லை. "ஏனுங்ப்பா... அப்பா..." என்று காதுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கூப்பிட்டாய், தூக்கத்தைக் கெடுத்துவிடக்கூடாது என்கிற மாதிரி. என் தோளைத் தொட்டாய். அப்புறம் செல்லை எடுத்து நம்பரை அழுத்தினாய். நீ பேசியதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "துரைசாமிங்ணா, சாப்ட்டுட்டு இருக்கீங்களா? ஒண்ணுமில்லைங்ணா. முடிஞ்சா ஊடு வரைக்கும் வந்துட்டுப் போறீங்களா? அப்பாவுக்கு என்னமோ... இல்லீங்ணா, அவசரமில்லைங்ணா. நீங்க சாப்ட்டே வாங்க."

உன் அப்பன் செத்துக் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நீ பேசிய பேச்சு அது. நான் கண்ணைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தாய். நீ சொன்னது உன் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. ஐயோ, என் அப்பா அந்த கேட்டுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்ற முகம் அப்படியே உன் முகத்தில் இருந்தது. படித்தவன், கம்ப்யூட்டரில் பம்பு வரைகிறவன், எந்தப் பண்ணாடி வாசலிலும் நின்றறியாதவன். உனக்கு இது எங்கிருந்து வந்தது? நான்தான் கொடுத்தேன். அப்போதாவது நீ என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். "இதென்ன வெளையாட்டுய்யா, அறிவிருக்கா?" என்று கேட்டிருக்கலாம். நீ துரைசாமி அண்ணனுக்கு மறுபடி அடித்து, "சரியாப் போச்சுங்ணா, வர வேண்டாமுங்க, தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாய். அப்புறம் என்னிடம், "டீ போடட்டுங்களாப்பா?" என்றாய். சமையலறையில் நீ டம்ளரைக் கீழே வைக்க முடியாமல் அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அதனால் சொல்கிறேன், கேள். நீ அந்த சீட்டுக்குத் திரும்பிப் போ. நம் வம்சத்திலேயே யார் முன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காமல், காலை நீட்டி உட்கார்ந்து, "முடியாதுங்க" என்று சொல்லிச் சம்பாதித்தவன் நீ ஒருத்தன்தான். அதை நீ அங்கே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டாய். என் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னுடையதைத்தான் கற்றுக்கொள்வாய். கண்ணாடிக் கூண்டுக்குள் போ, கதவைச் சாத்து, செல்லை சைலண்டில் போடு. அந்த நேரத்தில் நான் விழுந்தால் விழுகிறேன். துரைசாமி அண்ணன் இருக்கிறார், ஆம்புலன்ஸ் இருக்கிறது. என் சாவுக்கு நீ பொறுப்பில்லை. உன் அம்மா சாவுக்கும் நீ பொறுப்பில்லை. அன்றைக்கு நீ டீ குடித்தது தப்பில்லை, தப்புச் சேதி வந்தது. அதை அனுப்பியவன் நான். காலையில் நீ குளிக்கப் போயிருந்தபோது ரம்யாவுக்கு அடித்து, "தம்பியோட சீட்டை யாருக்கும் குடுத்துப்போடாத அம்மணி, அவசரம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கு நாக்கு குழறியது. "சரிங்க சார், இப்பவே எழுதி வெக்கறேன்" என்றாள்.

இன்னொன்றும் எனக்கு வேண்டும். அது இல்லாமல் நீ எங்கே போய் உட்கார்ந்தாலும் உருப்பட மாட்டாய். என் மேல் உனக்குக் கோபம் இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க விடாமல் பண்ணிவிட்டேன், பொய் சொன்னேன், செத்த மாதிரி நடித்தேன். இதற்கெல்லாம் கோபம் வராதவன் மனுஷனே இல்லை. இதைப் படித்து முடித்ததும் "சரிங்ப்பா" என்று வந்து நிற்காதே. எழுந்து வந்து என்னைப் பார்த்துக் கத்து. ஏன் சொல்லலை, ஏன் கூப்புடலை என்று தொண்டை கிழியக் கேள். வாய்க்கு வந்ததைச் சொல், கெட்ட வார்த்தை வந்தாலும் பரவாயில்லை. நான் பதில் பேச மாட்டேன், நின்று வாங்கிக்கொள்வேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு யோசனை வந்து எழுந்து பின்வாசல் வரைக்கும் போனேன். துரைசாமி அண்ணனிடம், "இன்னைக்கு எங்க ஊட்டுல கொஞ்சம் சத்தம் கேக்குமுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம் என்று. அவர் தன் வீட்டுப் பின்வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க?" என்று தலையைத் தூக்கினார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அவர் பயந்து ஓடி வரட்டும்.

உன் அப்பா